படத்தில் இருந்த மஞ்சள் வாளி

நிந்தவூர்
ஓகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உன் மீது எனக்குள்ள முறைப்பாடுகளைத் திகதி வரிசையில் எழுதுகிறேன்.

1. யூலை 6, ஞாயிறு. உன் கல்யாண அழைப்பிதழின் மாதிரிப் பிரதி அச்சகத்திலிருந்து வந்தது. அதில் என் பெயருக்குக் கீழே "முன்னாள் முகாமையாளர், கட்டார்" என்றிருந்தது. நான் எந்த நாட்டிலும் ஒரு நாள்கூட முகாமையாளனாக இருந்ததில்லை. அந்தப் பிரதியை நீ உன் உம்மாவிடம் காட்டினாய், என்னிடம் காட்டவில்லை. அலுமாரிக்கு மேல் கிடந்ததை நானாக எடுத்துப் பார்த்தேன்.

2. யூலை 18, வெள்ளி. நான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில் என் கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனாய். "தண்ணீர் மோட்டர், மின்விசிறி, சலவை இயந்திரம் திருத்தப்படும்" என்று எழுதிய பலகை. புதிதாக எழுதக் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். எழுதுகிறவரை நான் விசாரித்தேன். அவரிடம் அப்படி எதுவும் வரவில்லை.

3. ஓகஸ்ட் 2, சனி. பெண் வீட்டார் உங்களுக்காகச் சாய்ந்தமருதில் கட்டி முடித்திருக்கும் வீட்டின் ஹோலில் என் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டினாய். டை கட்டி, ஒரு பெரிய கதிரையில் நான் உட்கார்ந்திருக்கும் படம். பெரிதாக்கிய பிரதியின் இடது ஓரத்தை வெட்டியிருக்கிறாய்.

4. ஓகஸ்ட் 9, சனி. அதாவது நேற்று. இதை இரண்டு வரியில் எழுத முடியாது.

நேற்றுக் காலை உன் மாமனார் எனக்குத் தொலைபேசியில் கதைத்தார். "மச்சான், புது வீட்டு மோட்டர் சத்தம் மட்டும் போடுது, தண்ணி இழுக்குதில்ல. உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டி ஒருக்கா பாருங்க" என்றார். அவருக்கு என் தொழில் தெரியும் என்பதை நீ கவனிக்க வேண்டும். உன் சம்பந்தம் பேசப்படுவதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே தன் வீட்டு மின்விசிறியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தவர் அவர். நீ எதை யாரிடமிருந்து மறைக்கிறாய் என்பது எனக்கு இன்னும் முழுமையாக விளங்கவில்லை. நான் கருவிப் பெட்டியோடு போனபோது அவர் வீட்டில் இல்லை. கல்முனைக்கு டைல்ஸ் எடுக்கப் போயிருந்தார். நீ இருந்தாய். கொழும்பிலிருந்து வீடு பார்க்க வந்திருந்த, பெண்ணின் தாய்மாமனும் இருந்தார். அவர் என்னை முன்பின் கண்டதில்லை.

உன்னைக் கண்டதும் நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று கரைக்கு வருவதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாய். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். குழாயின் அடிவால்வில் மணல் சிக்கியிருந்தது. நம் கரையோரக் கிணறுகளில் இதுதான் வழக்கமான நோய். இழுத்த தண்ணீர் நிற்காமல் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விழுந்துவிடும். குழாயை மேலே இழுத்து வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் குசினிக் கதவடியில் வந்து நின்று, "இவர் யாரு மாப்புள?" என்று கேட்டார்.

"மோட்டர் பாஸ், மாமா" என்றாய் நீ.

அது பொய்யில்லை. நான் மோட்டர் பாஸ்தான். திருத்த வேலை செய்கிறவனை இந்த நாட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சொல் வரும் என்று, கையில் வால்வை வைத்துக்கொண்டு, நான் காத்திருந்தேன். அது வரவில்லை. அவர் ஹோலைத் திரும்பிப் பார்த்து, "வாப்பா எப்ப வாறாரு? படத்துல பாத்தா பெரிய ஒபிஸ்காரர் மாதிரி" என்றார். நீ சொன்னாய்: "வருவார், மாமா. கட்டார்ல மெனேஜரா இருந்தவர். இப்ப ரெஸ்ட்ல இரிக்கார்." நான் உனக்கு ஆறு அடி தூரத்தில் குந்திக்கொண்டிருந்தேன்.

அவர் நல்ல மனிதர். வெயிலில் வேலை செய்கிறவனுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கும்படி உன்னிடம் சொன்னார். நீ உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாய். சீனி போட்டாயா என்று அவர் கேட்டார். "இல்ல மாமா, அவர் சீனி போட்டா குடிக்கமாட்டார்" என்றாய். அவர் சிரித்தார். "பாஸ்ட தேத்தண்ணி வரைக்கும் தெரிஞ்சு வச்சிரிக்கிற. கெட்டிக்கார மாப்புளதான்" என்றார். நீ தரையைப் பார்த்தாய். நான் குடித்தேன், வால்வைப் பூட்டினேன், குழாயை இறக்கினேன், தண்ணீர் வந்தது. கை கழுவிக்கொண்டு பின்வாசலால் வந்துவிட்டேன்.

முறைப்பாடுகள் அவ்வளவுதான். இனி நீ அறியாததைச் சொல்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் கோபத்துக்காக எழுதவில்லை. உன் உம்மா வாசிக்கட்டும் என்று உறையை ஒட்டாமலே அனுப்புகிறேன். வேறு யாராவது வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைப்பதற்கு இனி என்னிடம் தெம்பு இல்லை.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். பட்டதாரிகளுக்கு அரசாங்கம் வேலை தரும் என்ற நம்பிக்கையில் உன் உம்மாவை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நம் ஊர் வழக்கப்படி நான்தான் அந்த வீட்டுக்குப் போனேன். சுவரும் கூரையும் கிணறும் அவர்கள் தந்தவை. நான் கொண்டுபோனது ஒரு உடுப்புப் பெட்டியும் என் பெயரும் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துகளும் மட்டுமே. வேலை வரவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு தடவை போய் வந்தேன். மூன்றாவது வருடம் நீ பிறந்தாய். மாமனார் வீட்டில் யாரும் என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் சோறு போடும்போது "பட்டதாரி மாப்பிள்ளைக்கு வைங்க" என்ற பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது. அது நின்ற பிறகு நான் கட்டாருக்குப் போனேன்.

அங்கே எனக்குக் கிடைத்தது துப்புரவு வேலை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நாலாம் மாடி எனக்கு. ஆறு வருடங்கள். அந்த வேலையை உனக்கு ஒருநாளும் விவரித்ததில்லை, இன்று விவரிக்கிறேன். தரையைத் துடைப்பவன் உள் மூலையில் தொடங்கி, கதவை நோக்கிப் பின்னுக்கு நடக்க வேண்டும்; தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு வெளியேற வேண்டும். வாளி இரண்டு வேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, அழுக்குக்கு ஒன்று. ஒரே வாளியில் துடைக்கிறவன் அழுக்கை இடம் மாற்றுகிறானே தவிர அகற்றுவதில்லை. மலசலகூடங்களைக் காலை ஏழு மணிக்கு முன் முடிக்க வேண்டும், வருகிறவர்கள் அவை தாமாகவே சுத்தமாக இருக்கின்றன என்று நம்புவதற்காக. அந்த மாடியில் யார் மேசையிலேயே சாப்பிடுகிறார், யார் மருந்து குடிக்கிறார், யார் கடிதங்களைத் திறக்காமலே கிழித்துப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடங்களில் என் பெயரைக் கேட்டவர்கள் மூன்று பேர்.

வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது "ஒபிசில் வேலை" என்றே எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று நீ "மோட்டர் பாஸ்" என்று சொன்னபோது உன் தொண்டையில் இருந்த அதே நியாயம்.

அந்தப் படம் ஒரு வெள்ளிக்கிழமை எடுக்கப்பட்டது. வெள்ளியில் கட்டடம் வெறுமையாக இருக்கும். மூன்றாம் மாடியைத் துடைக்கும் சம்மாந்துறைப் பொடியன் ஒருவனிடம் கெமரா இருந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய டையை நான் பெட்டியில் வைத்திருந்தேன். மேற்சட்டையை மாற்றி, டையைக் கட்டி, அந்த மாடியின் முகாமையாளருடைய கதிரையில் உட்கார்ந்தேன். அன்று காலை நானே துடைத்த கதிரை. "காக்கா, சிரிங்க, சம்பளம் கூட்டியிரிக்கெண்டு நினைச்சிக்கிங்க" என்று, என்னை அண்ணனாக எண்ணியிருந்த அவன் பகிடி பண்ணினான். நான் சிரித்தேன். நீ பார்க்கிற சிரிப்பு அதுதான். படத்தின் பின்பக்கத்தில் "எனது அலுவலகத்தில்" என்று எழுதி உன் உம்மாவுக்கு அனுப்பினேன். கழுவி வந்த படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. இடது ஓரத்தில், மேசைக் காலுக்குப் பக்கத்தில், என் மஞ்சள் வாளி பாதி படத்துக்குள் விழுந்திருந்தது. பிழியும் கைப்பிடியும் அதில் சாய்ந்திருந்த, தரை துடைக்கும் தும்புத்தடியும் தெளிவாகத் தெரிந்தன. தபாலில் போட்ட பிறகு, அந்தப் பொடியனிடமிருந்த பிரதியில்தான் அதைக் கண்டேன்.

நீ அந்தப் படத்துக்குக் கீழே வளர்ந்தாய். வகுப்பில் "எனது தந்தை" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அந்தக் கதிரையைப் பற்றி எழுதினாய். அந்தக் கட்டுரையை உன் உம்மா எனக்கு அனுப்பினார். துப்புரவுத் தொழிலாளர் விடுதியில், கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு அதை வாசித்தேன். அன்றே உண்மையை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நான் செய்த முதல் பிழை அந்தப் படம் அல்ல. அந்தக் கட்டுரைக்கு "நன்று" என்று பதில் எழுதியதுதான்.

ஏழாவது வருடம் என்னைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் என்பதை யாரோ ஒருவர் பிந்திக் கண்டுபிடித்தார். ஒன்பது வருடங்கள் மேற்பார்வையாளனாக இருந்தேன். பாரமானது கீழே, முதலில் வந்தது முதலில் போக வேண்டும், நடைபாதையில் ஒரு பெட்டிகூட நிற்கக் கூடாது. இந்த மூன்று விதிகளோடு இருபத்திரண்டு ஆட்களைக் கட்டி மேய்த்தேன். நான் சிரித்துப் பேசாத மேற்பார்வையாளன். துடைத்தவன் துடைக்கிறவனோடு இரக்கமாக இருப்பான் என்று நீ நினைக்கலாம். இருக்கவில்லை. தரையில் ஒரு தூசியைக் கண்டால், அது எந்த மூலையில் விடுபட்டது என்று எனக்குத் தெரிந்திருந்த காரணத்தாலேயே, மற்றவர்களைவிடக் கடுமையாக ஏசினேன்.

களஞ்சியத்தில் என் இரண்டாவது வருடம் துப்புரவுக்கு ஒரு புதிய குழு வந்தது. அதில் படம் பிடித்த அந்தச் சம்மாந்துறைப் பொடியனும் இருந்தான். பொடியன் என்கிறேன்; அப்போது அவனுக்கும் தாடியில் நரை வந்துவிட்டது. என்னைக் கண்டதும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, சிரித்துக்கொண்டு வந்தான்.

"காக்கா, நீங்க நாலாம் மாடி துடைச்ச ஆளெல்லுவா? நான் மூணாம் மாடி" என்றான்.

எனக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அது தெரிந்திருந்தும் நான் சொன்னேன்: "உனக்கு ஆள் மாறிட்டு."

அவன் போய்த் தும்புத்தடியைத் திரும்ப எடுத்தான். "அப்ப சரி, சேர்" என்றான். அதன் பிறகு அங்கிருந்த இரண்டு வருடமும் என்னை "சேர்" என்று மட்டுமே கூப்பிட்டான். என் பகுதியின் தரையை ஒரு குறையும் இல்லாமல் துடைத்தான். ஏசுவதற்கு ஒரு தூசி எனக்கு அவன் மிச்சம் வைக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் நாளில் மற்ற எல்லோரிடமும் ஸலாம் சொல்லிக்கொண்டு போனான். அவனைத் தேடி நான் பிறகு சம்மாந்துறைக்குப் போனேன். அவன் குடும்பத்தோடு வேறு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். நேற்றுக் கிணற்றடியில் நான் வாய் திறக்காததற்குக் காரணம் பொறுமை என்று நீ எண்ண வேண்டாம். அந்த இடத்தில் பேசும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

முதுகு போன பிறகு ஊருக்கு வந்தேன். திருத்த வேலையைக் களஞ்சியத்திலேயே பழகியிருந்தேன். பெட்டி தூக்கும் கைவண்டிகள் பழுதானால் ஆள் வரும்வரை காத்திராமல் நானே கழற்றிப் பூட்டுவேன். இங்கே வந்து பிரதான வீதியில் கடையைத் திறந்தேன். பதினோரு வருடங்களாகின்றன. இந்த வேலையை நான் விரும்புகிறேன் என்று சொல்லமாட்டேன். எனக்கு எல்லா வேலையும் அலுத்துவிட்டது. குந்தினால் எழும்ப முடியவில்லை, கம்பி சுற்றும்போது கண் நீரடிக்கிறது. ஆனால் இந்த ஒரு தொழிலில்தான் எனக்குப் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. மோட்டர் தண்ணீரை இழுக்கும், அல்லது இழுக்காது. அதை அழைப்பிதழில் அச்சடித்து மாற்ற முடியாது. அதனால்தான் பலகையைக் கழற்றியதை மற்ற முறைப்பாடுகளைவிடப் பெரிதாக எடுக்கிறேன். நான் என் கையால், என் தொழிலை, எல்லோரும் வாசிக்கும்படி எழுதிய ஒரே இடம் அது. வாடிக்கையாளர்கள் இப்போது வாசலில் நின்று, கடையை மூடப்போகிறீர்களா என்று கேட்கிறார்கள்.

நேற்று நான் வீட்டுக்கு வந்து நடந்ததை உன் உம்மாவிடம் சொன்னேன். படத்தின் ஓரத்தை நீ வெட்டியதையும் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. "வாளி இரிக்கிற பக்கத்தையா?" என்றார். இத்தனை வருடமும் நாங்கள் இருவரும் அந்த வாளியைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கண்ணாடி போடக் குடுக்கக்குள்ளயே கண்டன். படச் சட்டத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் அகலமா வைக்கச் சொல்லி நான்தான் மறைச்சன். நீங்க செல்லல்ல, நானும் கேக்கல்ல" என்றார். பிறகு, "புள்ளைய மட்டும் ஏசி என்னத்துக்கு?" என்று எழும்பிப் போய்விட்டார்.

ஆகவே மகன், அந்த வாளியை முதலில் மறைத்தவன் நீ அல்ல. நான் எழுத்தால் மறைத்தேன், உன் உம்மா சட்டத்தால் மறைத்தார், நீ கத்திரியால் மறைத்தாய். சட்டத்தைக் கழற்றிப் பெரிதாக்கக் கொடுத்தபோது நீயும் அதைக் கண்டிருக்கிறாய், காணாதவன் வெட்டமாட்டான். அப்போதாவது என்னிடம் வந்து, இது என்ன என்று கேட்டிருக்கலாம். ஒரு பொய்யைச் சொல்வது எளிது. அதைப் பராமரிப்பதுதான் கடினமான வேலை, அதற்கு விடுமுறையே கிடையாது. நான் இருபத்தைந்து வருடம் அந்த வேலை பார்த்துக் களைத்தவன். நீ அதை ஒரு புது வீட்டில், ஒரு புது மனைவியோடு, என்னிடமிருந்து சீதனமாக வாங்கித் தொடங்கப் போகிறாய். அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்றால் அவளையும் உன் உம்மாவைப்போல ஒரு சட்டம் பிடித்து நிற்க வைத்திருக்கிறாய். தெரியாது என்றால் அது அதைவிட மோசம்.

நீ நில அளவையாளன். எல்லைக் கல் ஓர் அடி தள்ளி நடப்பட்டால், அதற்குப் பிறகு அளக்கும் ஒவ்வொரு காணியும் பிழையாகிக்கொண்டே போகும் என்று நீயே ஒருமுறை எனக்கு விளக்கினாய். நான் ஒரு கல்லைத் தள்ளி நட்டவன். நீ இன்னும் அளந்து முடிக்கவில்லை.

உன்னை மன்னிக்கும் நிலையில் நான் இன்று இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இப்போது மனம் வரவில்லை. அந்தக் கட்டுரைக்காக ஒருநாள் கேட்பேன். நேற்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கல்யாணத்துக்குப் போவதில்லை என்றே முடிவு செய்திருந்தேன். என்னைத் தடுத்தது ஒன்றே ஒன்று. என்னை யாரென்று சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை; ஆனால் தேத்தண்ணியில் சீனி போடவும் உனக்குக் கை வரவில்லை. அந்த ஒரு கோப்பையால்தான் இந்தக் கடிதம் எழுதப்படுகிறது. இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டேன்.

இத்துடன் அசல் படத்தை வைத்திருக்கிறேன். வெட்டப்படாதது, வாளியோடு. பின்பக்கத்தில் "எனது அலுவலகத்தில்" என்ற என் எழுத்தை நேற்றுக் கோடிட்டு அடித்துவிட்டேன். அதற்குக் கீழே போதுமான இடம் இருக்கிறது. அங்கே உன் வாப்பா என்னென்ன தொழில் செய்தான் என்று, மூன்றையும் வரிசையாக, உன் கையெழுத்தில் எழுது. மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம். நீ எழுதுவது எதுவோ அதுவே அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே போக வேண்டும். அச்சகத்தில் வெள்ளிக்கிழமை வேலை தொடங்குகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். படம் அந்த ஹோலில் மாட்டப்படுவதானால் முழுதாக மாட்டப்பட வேண்டும். இதற்கு உனக்குச் சம்மதமில்லையென்றால், அந்த முன்னாள் முகாமையாளரையே உன் நிக்காஹ்வுக்கு அழைத்துக்கொள். நான் அன்று கடையில் இருப்பேன்.

பதில் இந்த வியாழக்கிழமை, ஓகஸ்ட் 14, மாலை அஸர் தொழுகைக்கு முன் எழுத்தில் என் கைக்கு வர வேண்டும். தொலைபேசியில் சொல்லாதே. உம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. நீயே கொண்டு வா. பலகை இல்லாவிட்டாலும் கடை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

வாப்பா